தனியாக வந்த அயோடின்

என் தங்கச்சி பதினோரு வருஷம் கழித்து என்னைப் பார்க்க வந்தாள். வந்தவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்த வினைதான்.

நான் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே, மரம் மட்டை இல்லாத ஒரு மேட்டின் உச்சியில். இரண்டு அறையுள்ள குடியிருப்பு ஒன்று, அதில் நான். நாற்பது அடி தள்ளி அளவுக்கூடம். அதற்கும் அப்பால், மேட்டின் விளிம்பில், காற்று முகத்தில் அறைகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஓர் எந்திரம் இரவும் பகலும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காகிதத்தில் அதற்கு முழ நீளப் பெயர் உண்டு. நான் மூச்சுக்காரன் என்று கூப்பிடுவேன். காலை எட்டு மணிக்கு மூச்சுக்காரனின் வாயில் ஒரு வெள்ளை வடிதாளை மாட்ட வேண்டும். மறுநாள் எட்டு மணிக்கு அதைக் கழற்றிவிட்டு இன்னொன்று மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், இடி மழை எதுவும் அவனுக்குக் கணக்கில்லை. இருபத்து நான்கு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு நாள் தவறியதில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும் எனக்கு. நிமிர்ந்து என்ன, பார்க்கத்தான் ஆள் இல்லை.

எதற்கு இந்தக் கூத்து என்றால், அணுகுண்டுக்காக. யுரேனியத்தின் அணுக்கரு ரொம்பப் பெரியது, தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல் நிற்பது. ஒரு நியூட்ரான் போய் முட்டினால் போதும், இரண்டாக உடையும். உடையும்போது இரண்டு மூன்று நியூட்ரான்களைத் தெறிக்கவிடும். அவை பக்கத்து அணுக்களைப் போய் முட்டும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படி எண்பது தலைமுறை தழைக்க ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் ஒரு கூறு போதும். மின்சாரம் எடுக்கிற உலையில் இந்தக் கூட்டத்துக்கு மூக்கணாங்கயிறு உண்டு, குண்டில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். பிறகு ஓர் ஊரே எரியும், எரிந்து மிச்சமிருப்பதை அதிர்ச்சிக் காற்று இடித்துத் தள்ளும். அது எல்லாருக்கும் தெரிந்த கதை. என் வேலை அதற்குப் பிறகு வருகிற துண்டுகள்.

உடைந்த துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. அயோடின், சீசியம், பேரியம், சிர்க்கோனியம் என்று ஒரு பெரிய குடும்பமே வண்டியை விட்டு இறங்குகிற மாதிரி இறங்கும். ஒவ்வொன்றும் கதிர் வீசும். காற்றில் ஏறி ஆயிரம் மைல் போகும். பூமிக்கடியில் ஒளித்து வெடித்தால்கூட விரிசலில் கொஞ்சம் கசிந்துவிடும். அந்தக் கொஞ்சத்தை வடிதாளில் பிடித்து, ஈயப் பெட்டிக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் படிகம் ஒவ்வொன்றின் குரலையும் பிரித்துக் கேட்டுத் திரையில் முள் முள்ளாக வரையும். எந்த முள் யாருடையது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கழற்றிய தாளை உடனே கேட்க முடியாது. மண்ணிலிருந்து இயற்கையாக வரும் கதிர்கள் முதல் நாள் ஊரைக் கூட்டும். அவை அடங்க ஒரு நாள் தாளைச் சும்மா வைத்திருக்க வேண்டும். காற்றில் செவ்வாய்க்கிழமை நடந்தது எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது தங்கச்சி விடியற்காலையில் போன் செய்தாள். எங்கள் மேட்டுக்குக் கீழே ரோட்டில் ஒரு நாளைக்கு ஒரே பஸ், காலை ஏழு மணிக்கு. தாள் மாற்றுவது எட்டு மணிக்கு. எனக்கு மாற்று ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்று எங்கள் தலைமை மையத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதம் ஏதோ ஒரு நாடு குண்டை வெடித்துச் சோதிக்கப் போகிறது என்று பேச்சு வேறு. நான் போகவில்லை. பேப்பர்தானே அக்கா, ஒரு நாள் இல்லாட்டா உலகம் முழுகிடுமா என்று கேட்டாள். முழுகினாலும் முழுகும் என்றேன். எனக்கு வாய் அப்படி. அதோடு அவள் போனை வைத்தாள். பதினோரு வருஷம் எடுக்கவில்லை. அவள் மகளுடைய கல்யாணப் பத்திரிகை மட்டும் தபாலில் வந்தது, உறையில் முகவரியோடு, கடிதம் ஒரு வரி இல்லாமல். அதற்கும் நான் போகவில்லை. காரணம் கேட்காதீர்கள், தாள்தான்.

அப்படிப்பட்டவள் போன செவ்வாய்க்கிழமை மதியம் கையில் ஒரு பையோடு மேடேறி வந்தாள்.

தூரத்தில் வரும்போதே நடையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். என்னைவிட நாலு விரல் உயரம். சின்ன வயதில் எனக்குப் பால் என்றாலே குமட்டும். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் என் டம்ளரை அவள் டம்ளரில் கவிழ்த்துவிடுவேன். என் பங்கையும் சேர்த்துக் குடித்து வளர்ந்தவள் என்று வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். இப்போது மெலிந்திருந்தாள். அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கால் தரையில் பாவவில்லை. வாசலைத் தாண்டி ஓடினேன், கட்டிப்பிடிக்கத்தான்.

"அங்கயே நில்லுக்கா" என்றாள். சொன்னதோடு நிற்காமல் இரண்டு எட்டு பின்னால் வேறு போனாள்.

நான் நின்றேன். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். நாற்காலி கொண்டுவந்து போட்டேன். என் வாசலில் போட்ட நாற்காலியில் உட்காராமல், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நேரே விளிம்புக்குப் போய்த் தகரக் கொட்டகையின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். இங்கேதான் காற்று நன்றாக வருகிறதாம். கொட்டகையிலிருந்து ஐம்பது அடிக்குள் யாரும் வரக்கூடாது என்பது விதி. வந்த ஆள் யாரானாலும் குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. அவள் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் மூச்சுக்காரன் வாயைத் திறந்துகொண்டிருந்தான். பதினோரு வருஷம் கழித்து வந்தவளை, முதல் வார்த்தையாக, எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டீ போட்டுக் கொண்டுபோனேன். அங்க வச்சிட்டுத் தள்ளிப் போ, நான் எடுத்துக்கறேன் என்றாள். வைத்துவிட்டு வந்தேன். பையிலிருந்து ஒரு பேப்பர் கோப்பையை எடுத்து, என் டம்ளரிலிருந்து அதில் மேலாக ஊற்றிக் குடித்தாள். குடித்த கோப்பையைக் கசக்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். என் வீட்டு டம்ளர் அவள் வாய்க்கு ஆகவில்லை என்றால் என் மனம் என்ன பாடு படும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் ஏழெட்டு அடி. காற்றில் சத்தம் போட்டுப் பேச வேண்டியிருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம் என்றாள். பிறகு என்னையே கேள்வி கேட்டாள். தனியா இருக்கறது பயமா இல்லையா. சேர்ந்தாப்பல எத்தனை நாள் ஒரு ஆள் முகத்தப் பாக்காம இருந்திருக்க. பத்தொன்பது நாள் என்றேன். எப்படி இருந்த, பொழுது எப்படிப் போச்சு, ராத்திரியில என்ன பண்ணுவ என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. குத்திக் காட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தோன்றியது. அம்மாவை விட்டுவிட்டு இதையா கட்டிக்கொண்டு அழுதாய் என்று கேட்கிறாள், வேறு வார்த்தையில் கேட்கிறாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை.

"இவ்வளவு அருவருப்பா இருந்தா எதுக்கு வந்த?" என்றேன். "நான் ஒண்டியா கெடக்கறத வேடிக்கை பாக்க வந்தியா? பாத்தாச்சுல்ல? கெளம்பு. இனிமே இந்த மேட்டுல ஏறாத."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படியில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பை கனமாக இருந்தது, ஒரு தோளை இழுத்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக யாராவது அவ்வளவு பெரிய பை கொண்டுவருவார்களா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கீழே வளைவில் ஒரு வாடகைக் கார் நின்றிருந்தது, பின் இருக்கையில் ஏறினாள், ஜன்னலை இறக்கிவிட்டாள், போய்விட்டாள். குறிப்பேட்டில் நான் ஒரு எழுத்து எழுதவில்லை. வராதவளாக நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

புதன்கிழமை எட்டு மணிக்குத் தாளைக் கழற்றினேன். அது ஒரு நாள் தூங்கியது. நான் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலை அந்தத் தாளை மடித்து அழுத்தி ஈயப் பெட்டிக்குள் வைத்தேன். பதினோரு மணிக்குத் திரையைப் பார்த்தால், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு முள் கிளம்பியிருந்தது. முதலில் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அயோடின் நூற்று முப்பத்தொன்று, அணு உடையும்போது பிறக்கிற வகை. என் இருபத்து நான்கு வருஷத்தில் அந்த இடத்தில் நான் முள்ளைப் பார்த்ததே இல்லை.

திரையில் வருவது அதே நிமிஷம் மையத்துக்கும் போகும். போன் அடித்தது. மையத்தில் பேசுகிறவரை நான் சளிக்காரர் என்பேன். பன்னிரண்டு மாதமும் மூக்கடைப்பு. முகம் பார்த்ததில்லை, தும்மல் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நாட்டுத் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, எங்கள் பொறுமைக்கும் எல்லை உண்டு, எங்களிடம் இருப்பதை உலகம் பார்க்கும் என்று பேசியிருந்தார். அன்றிலிருந்து மையத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லையாம். எந்திரம் சரியா, தாள் சரியா, கை சுத்தமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரி என்றேன்.

"நிலையத்துப் பக்கம் யாராவது வந்தாங்களா மேடம்?"

"ஒரு ஈ காக்கா வரல."

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லி உருப்போட்டது, கேட்டதும் வாயில் வந்துவிட்டது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படியானால் மூன்று மணிக் கூட்டத்துக்கு மேலே அனுப்ப வேண்டியதுதான் என்றார். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த முள், அந்த முள் எல்லாம் தெரியாது மேடம், அயோடின் என்றால் குண்டு என்றுதான் படிப்பார்கள், அவன் ஆரம்பித்துவிட்டான் என்பார்கள் என்றார். அந்தப் பக்கத்து ஏவுகணை இந்தப் பக்கம் வந்து விழப் பன்னிரண்டு நிமிஷம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷத்தில் ஒருவன் நிதானமாக யோசிக்க முடியுமா? பயந்தவன் கையில் பொத்தான் இருப்பதைவிடக் கொடுமை உண்டா?

நான் திரும்பத் திரையின் முன் உட்கார்ந்தேன். சீசியத்தைத் தேடினேன். இல்லை. பேரியம் இல்லை, சிர்க்கோனியம் இல்லை. பூமிக்கடியில் வெடித்திருந்தால் கனமானதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும், ஆவியாகிற அயோடின் மட்டும் கசிந்து வரலாம், அது உண்மை. ஆனால் அப்போதும் நூற்று முப்பத்தொன்று ஒண்டியாக வராது. அதோடு கூடவே பிறந்தது ஒன்று உண்டு, நூற்று முப்பத்து மூன்று. இருபத்தொரு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிற அவசரக்காரப் பயல். புது வெடிப்பானால் அவன் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தேடினேன். அவன் முள் வர வேண்டிய இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கூடப்பிறந்தது இல்லாமல் இது மட்டும் எங்கிருந்து வந்தது? உலையில் செய்து, பிரித்து, நாள் கணக்காக வைத்திருந்து, சுத்தமாகக் குப்பியில் அடைத்தால்தான் அயோடின் இப்படித் தனியாக இருக்கும். அப்படி அடைத்து அனுப்புவது ஒரே இடத்துக்கு. மருத்துவமனைக்கு. தைராய்டில் புற்று வந்தவர்களுக்கு அறுவை முடிந்ததும் இதைக் குடிக்கக் கொடுப்பார்கள். தைராய்டு கழுத்துக்குள் இருக்கிற சுரப்பி, அயோடினுக்கு ஆலாய்ப் பறக்கும், நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் இழுத்துக்கொள்ளும். போன அயோடின் உள்ளே உட்கார்ந்து மிச்சப் புற்றைச் சுடும். குடித்தவர்கள் கொஞ்ச நாள் யார் பக்கத்திலும் போகக்கூடாது. வியர்வையில், எச்சிலில், மூச்சில்கூட வரும். குழந்தைகளைத் தொடவே கூடாது.

சால்வை. பேப்பர் கோப்பை. அங்கயே நில்லுக்கா.

பாவி, எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறாள். தன் மூச்சுக் காற்று என் மேல் படக்கூடாது என்று, மேட்டிலேயே அதிகமாகக் காற்றடிக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். காற்று அதிகம் என்பதற்காகத்தான் மூச்சுக்காரனையும் அங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஏழெட்டு அடி தள்ளி இருந்த எனக்குத் தெரியாதது ஒரு தகர எந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது.

மணி ஒன்றரை. சளிக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஆள் வந்திருந்தாங்க" என்றேன்.

"குறிப்பேட்டுல இல்லையே மேடம். காலையில கேட்டனே."

"நான் எழுதல. என் தங்கச்சி. சண்ட போட்டு அனுப்பிட்டேன்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவள் அந்த மருந்து குடித்தாள் என்பது உறுதியா என்று மட்டும் கேட்டார். உறுதி இல்லை. அவள் எண்ணுக்கு அடித்தேன், முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். நான்தான் என்று தெரிந்தே எடுக்காமல் இருக்கிறாள். பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கையில் பிடிக்கிற கதிர்மானியை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் போனோடு, கொட்டகைக்குப் போனேன். சுற்றிலும் தரையில் அது எப்போதும் போல விட்டு விட்டுத் தட்டியது. படியில் அவள் கை ஊன்றியிருந்த இடத்தில் காட்டினேன். படபடவென்று பொரிந்தது. அரை அடி தள்ளிப் பிடித்தால் அடங்கியது. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்தான். எண்ணைப் படித்துச் சொன்னேன். போனை அருகில் பிடித்துச் சத்தத்தையும் கேட்கவிட்டேன்.

போதும் மேடம் என்றார் சளிக்காரர். மேலே போக இருந்த குறிப்பை நிறுத்திவிட்டு, மருத்துவ அயோடின் என்று மாற்றி எழுதப் போவதாகச் சொன்னார். ஒரு பெரிய தும்மல் போட்டார். பொய் சொன்னதற்கு விளக்கக் கடிதம் கேட்பார்கள், தயாராக இருங்கள் என்றார். வைக்கப் போனவர் வைக்கவில்லை.

"உங்க தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு மேடம்?"

தெரியாது என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். அவள் கை பட்ட இடத்தைத் தொடக்கூடாது, கையுறை போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும் என்பது விதி. நான் என் உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். பிறகுதான் அந்தப் பால் நினைவு வந்தது.

எங்கள் சின்ன வயதில் குண்டுகளைத் திறந்த வெளியிலேயே வெடித்தார்கள். எல்லைக்கு அப்பால் பாலைவனம், யாருக்கு என்ன என்றிருந்தார்கள். தூசி மேகத்தில் ஏறி எங்கள் பக்கம் மழையாக இறங்கும். மழை புல்லில், புல் மாட்டில், மாடு பாலில். பாலிலிருந்து அயோடின் நேரே குழந்தைகளின் கழுத்துக்குப் போகும். வளர்கிற கழுத்து பெரியவர்களைவிட அதிகம் இழுக்கும். இதை நான் பயிற்சி வகுப்பில் படித்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஒரு நாளும் எங்கள் சமையலறையோடு சேர்த்து யோசித்ததில்லை. அவள் டம்ளரில் என் பங்கும் இருந்தது. தினமும். அவள் கழுத்துக்கு அதுதான் காரணம் என்று எந்த எந்திரமும் சொல்லாது. இல்லை என்றும் சொல்லாது. அழுதேன். சத்தம் போட்டே அழுதேன், கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்.

மாலை மையத்துக்கு மறுபடி அடித்து, நான் ஊருக்குப் போக வேண்டும், மாற்று ஆள் அனுப்புங்கள் என்றேன். சனிக்கிழமை வருவார் என்றார்கள். நான் வெள்ளிக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் போகிறேன் என்றேன். எட்டு மணித் தாள் என்ன ஆவது, இந்த நேரத்திலா என்று கேட்டார்கள். சுற்று வட்டத்தில் இன்னும் மூன்று நிலையங்கள் இருக்கின்றன, அவை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கல்யாணப் பத்திரிகையின் உறையைத் தேடி எடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். மூச்சுக்காரன் நேற்றைய தாளை வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவனைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். பஸ்ஸில் எட்டு மணி ஆனபோது கை தானாகத் துறுதுறுத்தது.

ஆறு மணி நேரப் பயணம். மூன்றாவது மாடி. படியேறும்போது பையில் இருந்த கதிர்மானியை முடுக்கினேன், எவ்வளவு தூரத்தில் உட்காரலாம் என்று பார்க்கத்தான். முதல் மாடியில் விட்டு விட்டுத் தட்டியது. மூன்றாவது மாடியில் ஒரு மூடிய கதவின் முன் மழை பிடித்துக்கொண்ட மாதிரி சடசடத்தது. கதவில் எண்ணைப் பார்க்கும் முன்பே வீடு இதுதான் என்று தெரிந்துவிட்டது.

தட்டினேன். யாரு என்றாள். நான்தான் என்றேன். வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்துவிட்டு அவள் உள்ளே பின்வாங்கிப் போய் எதிர்ச் சுவரோரம் நின்றாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகளும் மருமகனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போயிருக்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு. தரையில் ஒரு சின்ன மர பொம்மை கிடந்தது. சால்வை இல்லை. கழுத்தின் குறுக்கே சிவப்பாக ஒரு தழும்பு, தாலிக்கயிறு அளவுக்கு.

"அந்தச் சத்தம் என்ன?" என்றாள்.

"நீதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். கதிர்மானியை நிறுத்திப் பையில் போட்டேன். எதிர்வீட்டில் ஒரு நாற்காலி இரவல் வாங்கி, படிக்கட்டு முகப்பில், அவள் வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எங்கே சொல்ல விட்டாய் என்றாள். இரண்டு வாரம் யாரோடும் இருக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னபோது, யாரோடும் இல்லாமல் இருக்கத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் என்று தோன்றியதாம். உன்னிடம் அளவுக்கூடம் இருக்கிறது, அதில் ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம் என்று துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டுதான் வந்தாளாம், நீ சேர்க்காவிட்டால் திரும்பிப் போக வேண்டுமே என்று காரை மட்டும் கீழே நிற்கச் சொல்லிவிட்டு. இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் விவரம் சொல்வது போலச் சொன்னாள்.

நான் பாலைப் பற்றிச் சொன்னேன். மழையும் புல்லும் மாடும் எல்லாம் சொன்னேன். என் பங்கையும் உன் டம்ளரில் கவிழ்த்தேனே என்றேன்.

அவள் என்னை அலுப்போடு பார்த்தாள். "ஊரே குடிச்சுது. ஊருக்கெல்லாம் நீயா ஊத்துன?" என்றாள்.

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. அவள் என் செருப்பைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏழு மணி பஸ்லயா வந்த?"

"ஆமா."

"அப்ப எட்டு மணிக்குப் பேப்பர் யாரு மாத்துனா?"

"யாரும் மாத்தல."

அவள் முகம் கோணியது. சுவரில் சாய்ந்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். அம்மாவுக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். ஒரு எட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டித் தடுத்தாள். "கிட்ட வராத. போய் உக்காரு. நாற்காலிய இன்னும் ரெண்டடி தள்ளிப் போட்டுக்க."

இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.